படிவத்தில் இல்லாத கண்டம்

1

ஆஸ்துமா உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததுண்டா, வலிப்பு வந்ததுண்டா, மூடிய இடத்தில் இருந்தால் பயம் வருமா, வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டதா என்று டைவிங் பள்ளிப் படிவத்தில் வரிசையாகக் கேட்டிருந்தார்கள். ஜலகண்டம் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆம் என்று ஒரு டிக் போட்டு, மகளிடம் "பாத்தியா, என்னைச் சேத்துக்க மாட்டாளாம்" என்று காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாக ரசம் வைத்திருப்பேன்.

நான் மயிலாப்பூர்க்காரி. பெர்த்துக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களைக் காத்திருக்கச் சொல்வது என் வேலை. இந்த வயதில் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போக வேண்டும் என்று நான் கனவில்கூட ஆசைப்பட்டதில்லை. ஆசையெல்லாம் என் மகள் மிருதுளாவுக்கு. மிருவுக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடத்திலேயே ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு, வார இறுதிகளில் ஒரு டைவிங் பள்ளியில் உதவியாளாகவும் சேர்ந்துவிட்டாள். போன நவம்பரில் பல்கலைக்கழகத்தில் பார்மசி படிக்க இடம் கிடைத்தது. நான் பாயசம் வைத்தேன். பாயசம் ஆறுவதற்குள் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, யூனியை ஒன் இயர் தள்ளி வெச்சிருக்கேன். நார்த்ல ஒரு போட்ல ஜாப் கெடச்சிருக்கு."

வடக்கே ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டினால் வருகிற ஊர். திமிங்கிலச் சுறாவைப் பார்க்க வருகிறவர்களை நடுக்கடலுக்கு அழைத்துப்போகும் படகு. அவர்களோடு தினமும் தண்ணீரில் குதிக்கிற வேலை. என் கணவர் சேகர் பாயசக் கிண்ணத்தை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இந்த வீட்டில் புயல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவருக்குத் தெரியும்.

நடக்காது என்றேன். கத்தினேன் என்றும் சொல்லலாம். இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்றாம் நாள் அவளே வந்தாள்.

"எனக்கு எய்ட்டீன். உன் பர்மிஷன் வேண்டாம். ஆனா உன் ஓகே வேணும்மா."

சண்டை போட்டால் ஜெயிக்கலாம். கேட்கிறவளை எப்படி ஜெயிப்பது?

"நீ ஒரு தடவை என்கூட கீழ வா. பாரு. பாத்துட்டு நோ சொன்னா நான் போகல. ப்ராமிஸ்."

உடனே சரி என்று சொன்னேன். என் கணக்கு சுலபமானது. வகுப்பை முடிப்பேன், ஒரு தடவை மூழ்குவேன், எழுந்து வந்து "பாத்தாச்சு, வேண்டாம்" என்பேன். அவள் கொடுத்த வாக்கு, அவளே கட்டுப்பட்டாக வேண்டும். என் நெஞ்சில் இருந்தது இதுதான் என்று அவளுக்குத் தெரியாது.

நாற்பத்தைந்து தாண்டியதற்கு ஆம் என்று போட்டதால் மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்கென்றே தனி டாக்டர், தனி நேரம், தனிக் கட்டணம். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணீருக்கு அடியில் போகக் கூடாது என்று எந்த டாக்டராவது உங்களிடம் சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்டார்.

"டாக்டர் யாரும் சொல்லவில்லை" என்றேன். பொய் இல்லை. சொன்னவர் ஜோசியர்.

2

எனக்கு நாலு வயதாகும்போது, அம்மா என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு மாட வீதிக்குப் பின்னால் சந்து ஒன்றில் இருந்த ஜோசியரிடம் போனாள். "கொழந்தைக்கு ஜலகண்டம் இருக்கு. தண்ணிகிட்ட விடாதீங்கோ" என்று அவர் சொல்லி அனுப்பினார். என் அப்பா கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். "குரு எங்க இருக்கார்னு அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? நான் டெலஸ்கோப்ல காமிக்கறேன் வரச்சொல்லு" என்று சிரித்தாராம். அன்று சாயங்காலமே எங்கள் ஆத்துக் கிணற்றுக்குக் கம்பி வலை போட ஆள் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா குடும்பமும் நாங்களுமாக பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவோம். பெரியப்பா பிள்ளைகள் மூன்று பேரும் மணலில் கால் பட்டதும் செருப்பை உதறிவிட்டு அலைக்கு ஓடுவார்கள். எனக்கு உத்தியோகம் செருப்புக் காவல். எல்லோருடைய செருப்பையும் ஜோடி சேர்த்து அடுக்கி, பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியம்மா கைக்கடிகாரத்தையும் என்னிடம்தான் கொடுப்பாள். அப்பா என் பக்கத்தில் நின்று, என் பாவாடை நாடா முடிச்சை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருப்பார். அலை எங்களிடமிருந்து இருபது முப்பது அடி தள்ளி வரும்போதே அந்த விரல்கள் இறுகும். மிளகாய் பஜ்ஜி வந்தால் எனக்குத்தான் முதலில். ஈரமில்லாத கை என்னுடையது ஒன்றுதானே.

ஆடி அமாவாசைக்கும் கிரகணத்துக்கும் எல்லோரும் கடலில் முழுக்குப் போடுவார்கள். கண்டம் இருக்கிறது என்பதற்காகப் புண்ணியத்தை விட முடியுமா? அப்பா பித்தளைச் சொம்பில் கடலை மொண்டு கொண்டுவருவார். "மூக்கைப் பிடி. மூச்சை அடக்கு. ம்" என்பார். தலையில் கொட்டுவார். திரும்பப் போய் மொண்டு வருவார். "மூக்கைப் பிடி. மூச்சை அடக்கு." இப்படி வருஷா வருஷம். இன்றைக்கும் ஷவரில் தலைக்கு நேராகத் தண்ணீர் வந்தால் என் வலது கை தானாக மூக்குக்குப் போகும், மூச்சு நெஞ்சில் பூட்டிக்கொள்ளும். உடம்பு எதையும் மறப்பதில்லை.

அப்படியென்றால் நீச்சல் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இந்த ஊரில் நீச்சல் தெரியாத அம்மாவைப் பார்த்தால் குழந்தைகள் காப்பகத்துக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள் போலிருந்தது. மிருவை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நகராட்சிக் குளத்துத் தண்ணீர் குழாய்த் தண்ணீர், குழாய்த் தண்ணீரில் கண்டம் வராது என்று எனக்கு நானே ஒரு சாஸ்திரம் எழுதிக்கொண்டேன். தலையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீந்துவேன். கடலில் மட்டும் கணுக்காலுக்கு மேல் இறங்கியது கிடையாது. அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னதும் கிடையாது.

3

பயிற்சியாளர் பெயர் ஜில். ஐம்பது வயதுக்காரி. வெயிலில் காய்ந்து காய்ந்து முகம் வற்றலாகியிருந்தது. முதல் வகுப்பில் அவள் சொன்ன முதல் விதி: மூச்சைப் பிடிக்காதே. கடைசி விதியும் அதுதான் என்றாள். ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். வாயைத் திறந்து விட்டுக்கொண்டே வந்தால் ஒன்றுமில்லை. அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரலில் கிழிசல் விழும். ஆளே போய்விடலாம். நான் நோட்டுப்புத்தகத்தில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். எழுதுவதில் நாம் என்றைக்குக் குறைந்தோம்?

வகுப்பில் நாங்கள் நான்கு பேர். மற்ற மூன்று பேரும் சேர்ந்தால்தான் என் வயது வரும் என்று தோன்றியது. ரப்பர் உடையைப் போட்டுக்கொள்ள எனக்கு அரைமணி ஆயிற்று. தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் புகுந்து வெளியே வருவது இதைவிடச் சுலபம். குளத்தின் ஆழமான பக்கம், தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தோம். வாயில் காற்றுக்குழாய், கண்ணையும் மூக்கையும் மூடிய மாஸ்க். கழற்று என்று ஜில் சைகை காட்டினாள். மாஸ்க்கைக் கழற்றி, மூக்கில் தண்ணீர் படவிட்டு, வாயால் மூச்சு விட்டபடி ஒரு நிமிஷம் இருக்க வேண்டும்.

கழற்றினேன். மூக்கில் தண்ணீர் பட்டது. வலது கை மூக்குக்குப் போயிற்று. மூச்சு பூட்டிக்கொண்டது. கால் தரையை உதைத்தது. ஜில் என் தோள்பட்டை வாரைப் பிடித்துக் கீழே அமுக்கி வைத்திருக்காவிட்டால் நான் மேலே போயிருப்பேன்.

"மூக்கைத் தொடாதேம்மா!" கரைக்கு வந்ததும் மிரு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எல்லாரும் பாக்கறாங்க. ஏதோ ஸ்மெல் அடிக்கற மாதிரி பிடிச்சுக்கறே!"

"என் மூக்கு. நான் பிடிச்சுப்பேன்."

அன்று மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் கை போயிற்று. அடுத்த சனிக்கிழமையும் போயிற்று. ஜில்லுக்குப் பொறுமை குறைவது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்பா சொல்லிக்கொடுத்த எட்டாம் வாய்ப்பாடு. ஓரெட்டு என்று உள்ளே இழுப்பது, எட்டு என்று வெளியே விடுவது. ஈரெட்டு, பதினாறு. மூவெட்டு, இருபத்துநாலு. எண்பதுக்கு வருவதற்குள் ஒரு நிமிஷம் முடிந்துவிட்டது. ஜில் கைதட்டினாள். மிரு தண்ணீருக்குள்ளேயே துள்ளினாள்.

அந்தப் பள்ளியில் என் மகளை நான் வேறு ஆளாகப் பார்த்தேன். வீட்டில் சாப்பிட்ட தட்டைத் தொட்டிவரை கொண்டுபோக மாட்டாள். இங்கே இரண்டு கையிலும் சிலிண்டர் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். எல்லோரும் அவளை மிரி என்று கூப்பிடுகிறார்கள். அவர்களோடு சிரிக்கிற சிரிப்பை நான் வீட்டில் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. எனக்கு முதலில் வந்தது பெருமை இல்லை, பொறாமை. இந்தப் பெண்ணை இவர்களுக்கு யார் கொடுத்தது என்று இருந்தது.

4

கடல் வகுப்புக்கு முந்தின நாள் வழக்கம்போல் அப்பாவோடு போனில் பேசினேன். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்பா மந்தைவெளியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். காலை நடைக்குப் போகிறார், பேப்பரில் சுடோகு போடுகிறார், பெர்த்தில் என்ன வெயில் என்று தன் போனில் பார்த்து எனக்கே சொல்கிறார்.

"நாளைக்கு அங்க காத்து ஜாஸ்தின்னு போட்டிருக்கான். எங்கேயும் போகலையே?"

"இல்லேப்பா. ஆத்துலதான் இருப்பேன்."

"மிரு?"

"அவளும்தான்."

நாற்பத்தேழு வயதில் அப்பாவிடம் சினிமாவுக்குப் போவதை மறைக்கிற பெண் மாதிரிப் பொய் சொன்னேன். போனை வைத்த பிறகு ஜன்னலைத் திறந்து, மரக்கிளை ஆடுகிறதா என்று பார்த்தேன். காற்று ஜாஸ்தி என்கிறாரே. ஜோசியரைப் பார்த்துச் சிரித்த மனுஷன்தான். ஆனாலும் அவர் வாயில் வந்துவிட்டதே என்று இருந்தது.

5

ஊருக்குத் தெற்கே ஒரு பழைய மரப் பாலம் கடலுக்குள் நீண்டு போகிறது. அங்கேதான் பயிற்சி. வானம் மூடியிருந்தது, தண்ணீர் ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் கிடந்தது. போன தடவை பாண்டி பஜாரில் வாங்கிய செருப்பை மணலில் கழற்றி ஜோடியாக வைத்தேன். பக்கத்தில் மிருவின் ரப்பர் செருப்பு ஒன்று ஒரு மூலையிலும் இன்னொன்று வேறொரு மூலையிலும் கிடந்தது. குனிந்து அதையும் ஜோடி சேர்த்தேன். பழக்கம்.

"நான் உன் படி. உன் பக்கத்துலயே இருப்பேன்" என்றாள் மிரு. இங்கே யாரும் தனியாகக் கடலில் இறங்குவதில்லை. ஆளுக்கு ஒரு ஜோடி. ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவர் தன் காற்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அந்த ஜோடிக்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் படி, கூட்டாளி என்பதற்கு ஆங்கில வார்த்தை.

குளிர் முதுகுத்தண்டில் ஏறியது. காது அடைத்தது, திறந்தது. ஓரெட்டு, எட்டு. எட்டு மீட்டர் ஆழத்தில் மணல் தரை வந்தது. என் மூச்சுச் சத்தத்தைத் தவிர உலகத்தில் ஒரு சத்தம் இல்லை. மிரு என் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் மரத்தூண் ஒன்றுக்கு அழைத்துப்போய், விரலால் காட்டினாள். பாசிக்கு நடுவில், பாசி நிறத்திலேயே, என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கடல்குதிரை. வாலை ஒரு தண்டில் சுற்றிக்கொண்டு, அலை இழுத்த பக்கமெல்லாம் ஆடிக்கொண்டு, ஆனால் பிடியை விடாமல் நின்றது. மிரு அதைப் பார்க்கவில்லை. மாஸ்க் கண்ணாடிக்குள்ளிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறாள். சின்ன வயதில் படம் வரைந்துகொண்டு வந்து காட்டிவிட்டு இப்படித்தான் பார்ப்பாள்.

பிடித்திருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தானே இறங்கினேன்?

திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் போன ஒரு தடியான பையன் எதையோ பார்த்து மிரண்டு காலை உதைத்தான். அவன் காலில் இருந்த துடுப்பு என் முகத்தில் அடித்தது. மாஸ்க் பிடுங்கிக்கொண்டு போயிற்று. கண்ணில் உப்பு, மூக்கில் உப்பு. ஒரே பச்சை மங்கல்.

வாய்ப்பாடு வரவில்லை. சொம்பு வந்தது. மூக்கைப் பிடி, மூச்சை அடக்கு. கை மூக்குக்குப் போயிற்று, நெஞ்சு நிறையக் காற்றோடு பூட்டிக்கொண்டது, இரண்டு காலும் மேலே போகச் சொல்லி உதைத்தன. கண்டம் என்கிற வார்த்தை மண்டைக்குள் மணி மாதிரி அடித்தது. மேலே வெளிச்சம் தெரிந்தது. அங்கே போய்விட்டால் போதும்.

கணுக்காலில் ஒரு பிடி விழுந்தது. உதறினேன். விடவில்லை. பிடி முழங்காலுக்கு ஏறியது, இடுப்பு வாருக்கு ஏறியது, என்னை நிறுத்தியது. நான் அடித்தேன், நிஜமாகவே அடித்தேன். பச்சை மங்கலில் ஒரு முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. அவள் என் மூக்கிலிருந்து விரல்களைப் பிரித்தாள். நான் இறுக்கினேன், அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பிறகு உள்ளங்கையை என் வயிற்றில் வைத்து ஓங்கி அழுத்தினாள்.

நெஞ்சில் இருந்ததெல்லாம் குமிழியாகக் கொட்டியது. அடுத்த மூச்சு வாயில் இருந்த குழாய் வழியாகத் தானாக உள்ளே வந்தது. அவள் கை என் வயிற்றிலேயே இருந்தது. விடு, இழு, விடு, இழு. அந்தக் கை சொன்னபடி மூச்சு விட்டேன். அவள் இடுப்பு வாரைப் பிடித்தபடியே, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற நிதானத்தில், என்னை மேலே கொண்டுவந்தாள்.

தலை வெளியே வந்ததும் மிரு கத்தினாள்.

"எத்தனை தடவை சொன்னேன்! மூச்சைப் பிடிக்காதே பிடிக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்! செத்துப் போயிருப்பே அம்மா! என் கண்ணு முன்னாடி செத்துப் போயிருப்பே!"

ஒரு ஆங்கில வார்த்தை கலக்காமல் அவள் இவ்வளவு தமிழ் பேசி நான் கேட்டதில்லை. அது தமிழ் என்று அவளுக்கே தெரியாது. அவள் உதடு நீலமாக இருந்தது. என் வாரைப் பிடித்திருந்த கையை மட்டும் விடவில்லை.

6

ஜில் எனக்கு ஆக்ஸிஜன் வைத்து உட்காரவைத்தாள். பிறகு டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். அதே காது விளக்குக்காரர். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். அந்த முழுக்கு கணக்கில் சேராது, திரும்ப வந்து செய்ய வேண்டும் என்று ஜில் சொன்னாள். வர வேண்டாம் என்றால் புரிந்துகொள்வேன் என்றும் சொன்னாள். மிரு வீட்டுக்கு வந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். அவருக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம்.

"என்னடி, குரல் கம்மியிருக்கு? ஜலதோஷமா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "உப்புத் தண்ணி குடிச்சுட்டேன்பா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மிருவின் வேலை, நான் வகுப்பில் சேர்ந்தது, மாஸ்க் போனது. அவருக்குப் பின்னால் யார் வீட்டிலோ மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு ஆழம்?" என்றார்.

"எட்டு மீட்டர்."

"மூச்சைப் பிடிச்சுண்டா மேல வந்தே?"

"வரப் பாத்தேன். மிரு நிறுத்திட்டா."

அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அழுத்தம் குறைந்தால் கன அளவு கூடும் என்று வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் எழுதியவர். கணக்குப் போடுகிறார். மேலே வந்து சேர்ந்தால் அந்தக் காற்று எவ்வளவாக ஆகியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற நெஞ்சுக்கு என்ன ஆகியிருக்கும் என்று.

"கிட்டத்தட்ட ரெண்டு பங்கு..." என்றவர் முடிக்கவில்லை. பிறகு, "மூச்சை அடக்குன்னு சொல்லிக்குடுத்தது நான்தானே" என்றார்.

"அது சொம்புத் தண்ணிக்குப்பா."

அதற்கு அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. அந்தக் கண்டம் உனக்குப் பன்னெண்டு வயசு வரைக்கும்தான்."

"என்ன?"

"ஜோசியர் அப்பவே சொன்னார். பன்னெண்டு முடிஞ்சா தோஷம் இல்லே, தாராளமா கடல்ல குளிக்கலாம்னார். உன் பன்னெண்டாவது பிறந்தநாளன்னிக்கு உங்கம்மா ஞாபகமா சொன்னா. நான்தான் உன்கிட்ட சொல்ல வேண்டாம்னேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பதிமூன்று வயதில் செருப்புக்குக் காவல் இருந்தேன். பதினைந்திலும் இருந்தேன். கல்லூரியில் புதுச்சேரி கூட்டிக்கொண்டு போனபோது, தோழிகள் எல்லோரும் சுடிதாரோடு அலையில் விழுந்து எழுந்தபோது, வா வா என்று கையைப் பிடித்து இழுத்தபோது, "எனக்குக் கண்டம் இருக்குடி" என்று கரையில் நின்றேன். அவர்கள் செருப்பையும் பார்த்துக்கொண்டேன். இன்று காலையில் என் மண்டைக்குள் மணி அடித்தது. இல்லாத கண்டத்துக்கு.

"நீங்க ஃபிசிக்ஸ் ப்ரொபசர்ப்பா! உங்களுக்கு அதுல நம்பிக்கையே கிடையாதே!"

"கிடையாதுதான்" என்றார். "நம்பிக்கை இல்லேம்மா. பயம் இருந்தது. வேண்டாம்னு சொன்னா நீ ஏன்னு கேப்பே. கண்டம்னா கேக்க மாட்டே. எனக்கு அது சௌகரியமா இருந்தது."

போனை வைத்துவிட்டேன். அப்பா பேசிக்கொண்டிருக்கும்போது நான் அப்படி வைத்தது அதுதான் முதல் தடவை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். சேகர் வந்து தோளில் கை வைத்தார், தட்டிவிட்டேன், பிறகு நானே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

7

மிரு ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பாத்துட்டே. இப்போ சொல்லிடு. நோதானே?"

வேண்டாம் என்று சொல்ல இதைவிட நல்ல நாள் எனக்குக் கிடைக்காது. ஒரு வார்த்தை போதும். 'எனக்கு ஆனது நாளைக்கு உனக்கு ஆகாதா?' அவளால் மறுத்துப் பேச முடியாது. கொடுத்த வாக்கு இருக்கிறது. அவளும் பயந்துதான் போயிருக்கிறாள். காலம் முழுக்க அவள் நெஞ்சில் அந்தப் பச்சை மங்கலும் என் முகமும் இருக்கும். தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் அது வரும். ஜோசியருக்கு வேலையே இல்லை. என் கையாலேயே அவளுக்கு ஒரு கண்டத்தை எழுதிவிடலாம். எனக்குச் சௌகரியமாக இருக்கும்.

வார்த்தை நாக்குவரை வந்தது. மறைப்பானேன், நாக்குவரை வந்தது.

"அங்க உன்னோட படி யாரு?" என்று கேட்டேன்.

நிமிர்ந்தாள். "ஏதாவது ஒருத்தர் இருப்பாங்க. படி இல்லாம இறங்கவே விட மாட்டாங்க. அது ரூல்."

"கெட்டிக்காரியா பாத்துப் பிடிச்சுக்கோ. காலை உதைக்கற தடியனெல்லாம் வேண்டாம்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கையில் மோர் சாதத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு" என்றேன். "நெஞ்சு அடைச்சுக்கற மாதிரி பயமா இருக்கு. அது என் பயம். நான் வெச்சுக்கறேன். நீ போயிட்டு வா."

சேகர் எழுந்து போய்க் கைகழுவும் இடத்தில் வெகுநேரம் கை கழுவினார்.

மறுநாள் அப்பாவே கூப்பிட்டார். நான் போனை வைத்ததைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. மந்தைவெளியில் குழாய் ரிப்பேர் என்றார். முருங்கைக்காய் விலையைச் சொன்னார். மிரு போகிறாள் என்றேன்.

"நீ மறுபடி எறங்கப்போறியா?"

"சனிக்கிழமைப்பா."

"சரி" என்றார். "மூக்கைப் பிடிச்சுக்காதே. என்ன? மூச்சை விட்டுண்டே இரு."

"சரிப்பா" என்றேன். அதற்கு மேல் பேசினால் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

வியாழக்கிழமை காலையில் மிரு கிளம்பிப் போனாள். இரண்டு நண்பர்களோடு, பழைய வண்டி ஒன்றில், கூரை மேல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு. வண்டி தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்தேன். வாசலில் அவளுடைய ரப்பர் செருப்பு கிடந்தது, ஒன்று ஒரு மூலையில், இன்னொன்று வேறொரு மூலையில். குனிந்து ஜோடி சேர்த்து வைத்தேன்.

"உள்ள எடுத்து வெச்சுடட்டுமா?" என்றார் சேகர்.

"இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். வந்தா போட்டுப்பா."

அவர் தலையாட்டிவிட்டுப் பேப்பரை எடுத்தார்.

"சனிக்கிழமை உங்களுக்கு வேற வேலை இருக்கா?" என்று கேட்டேன்.

"ஏன்?"

"என்கூட கடலுக்கு வாங்கோ. என் செருப்பைப் பாத்துக்க ஆள் வேணும்."